ஏலத்துல எடுத்த சோபா

என்ன கண்ணு, ஏலத்துல சோபா எடுத்திருக்கியாமா?

"சோபா இல்லீங்க அப்பாரு, லவுஞ்சு பாஸு"ன்னு இழுக்காதே. எனக்கும் தெரியும். ஏர்ப்போர்ட்டுக்குள்ள கண்ணாடிக் கதவு போட்டு ஒரு ரூமு. அதுக்குள்ளார மெத்து மெத்துனு சோபா. அதுல சித்தெ நேரம் குந்தறதுக்கு ஒரு சீட்டு. யுனைடெட் பிளேன் கம்பெனிக்காரங்கிட்ட நேரா வாங்குனா 59 டாலர். நீ இன்டர்நெட் ஏலத்துல 18 டாலருக்கு அடிச்சுப்போட்டே. தபால்ல வந்ததை பாஸ்போர்ட்டுக்குள்ள வெச்சு பத்திரம் பண்ணியிருக்கியாமா. உன்ற அம்மா பெருமையாச் சொல்லுச்சு. ஊட்டுப் பத்திரத்தைக்கூட நீ இப்பிடிப் பத்திரம் பண்ணி நான் பாத்ததில்லை.

சரி, குந்து இப்பிடி. சித்தெ நாயம் பேசலாம்.

மொதல்ல ஒண்ணு கேக்கறேன். அந்தக் கதவுக்கு அக்கட்டால என்னதான் வெச்சிருக்கறாங்க? போயிருக்கறியா? இல்லை. நான் போயிருக்கறேன். பேரன் ஒருத்தனோட அமெரிக்கா வந்தப்போ, தோட்டத்துல இன்னைக்கும் மம்பட்டி புடிக்கிற என்னையத் தூக்கி சக்கர நாற்காலியில வெச்சுப்போட்டாங்க. "நடக்கறதுக்கு இல்லீங்க அப்பாரு, வழி கேக்கறதுக்கு"ன்னான் பேரன். இங்கிலீசு தெரியாததுக்குக் காலு வெளங்காதுன்னு எழுதிக் குடுக்கறது நம்மாளுக கண்டுபுடிச்ச வைத்தியம். அந்த நாற்காலியிலயே உருட்டிக்கிட்டுப் போயி, அவன்ற கார்டைக் காட்டி என்னைய உள்ளார உட்டாங்க.

பாலாடைக்கட்டியச் சதுரஞ் சதுரமா அறுத்து வெச்சிருந்தாங்க. பச்சைக் கேரட்டு. தக்காளிச் சூப்பு. கடிச்சா ஊருக்கே கேக்கற பிஸ்கோத்து. ஒரு காப்பி மெசினு நின்னுச்சு. ஒரு பொத்தானை அமுக்குனா காப்பி, இன்னொண்ணை அமுக்குனா சுடுதண்ணி. ரண்டுக்கும் ருசியில வித்தியாசம் கண்டுபுடிக்க என்னால ஆகலை. நல்லது ஒண்ணு சொல்லணும்னா, கக்கூசு சுத்தமா இருந்துச்சு. அதுல நான் பொய் சொல்ல மாட்டேன்.

அங்க குந்தியிருந்தவங்க மூஞ்சிகளைப் பாத்தேன். அத்தனை பேரும் போனைப் பாத்துக்கிட்டிருந்தாங்க. வெளிய இரும்புச் சேர்ல குந்தியிருந்தவங்களும் அதே போனைத்தான் பாத்துக்கிட்டிருந்தாங்க. வைபையி ரண்டு பக்கமும் ஓசி. பிளேனும் ஒரே பிளேனு. அப்பறம் அந்தக் கதவு எதுக்குன்னு கேட்டேன். பேரன் சொல்லத் தெரியாம முழிச்சான். எனக்குத் தெரிஞ்சு போச்சு. வெளிய ஒருத்தன் நிக்கறான் பாரு, அவனுக்கோசரந்தான் கதவு. அவன் இல்லைன்னா அது வெறும் காப்பிக்கடை.

இது இன்னைக்கு நேத்து வந்த வெவகாரம் இல்லை கண்ணு. 1939ல நியூயார்க்குல லாகார்டியா ஏர்ப்போர்ட்டைத் தொறந்தாங்க. அப்ப அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனிக்குத் தலைவரு சி.ஆர். ஸ்மித்துன்னு ஒருத்தரு. வெவரமான மனுசன். தன்ற பிளேனுகளுக்கெல்லாம் 'ஃப்ளாக்‌ஷிப்'ன்னு பேரு வெச்சிருந்தாரு. படைக்குத் தலைமையா முன்னால போற கப்பலுக்கு அந்தப் பேரு. கப்பல்னு சொல்லிட்டா அட்மிரல் வேணுமில்ல? கம்பெனிக்கு வேண்டப்பட்ட பெரிய மனுசங்களைப் பொறுக்கி, "இன்னையில இருந்து நீங்க அட்மிரலு"ன்னு ஒரு காயிதத்தைக் குடுத்து, குந்தறதுக்கு ஒரு ரூமையும் குடுத்தாரு. அட்மிரல்ஸ் கிளப்புன்னு பேரு. இன்னைக்கும் அதே பேருதான் ஓடுது. கடல்ல காலு நனைக்காத அட்மிரலுக எத்தனை பேரு அங்க சூப்புக் குடிச்சாங்களோ.

கூத்து என்னன்னா, அப்ப அதுக்குக் காசே கெடையாது. காசு வாங்குனா யாரு வேணாலும் வந்துருவானில்ல? கூப்புட்டாத்தான் போகோணும். கேட்டு வாங்க முடியாது. அதுதான் அதோட ருசி. பொறவு, "எங்களை மட்டும் ஏன் கூப்புடலை?"ன்னு சனங்க மல்லுக்கட்ட, புகாரு கேசுன்னு ஆக, "சரி, பணத்தைக் கட்டு, வா"ன்னு கதவைத் தொறந்து உட்டாங்க. அப்பறம் பேங்குக்காரன் வந்தான். இந்தக் கார்டை வாங்குனா லவுஞ்சு ஓசி, அந்தக் கார்டை வாங்குனா கூட ஒருத்தரும் ஓசி. ஊர்ல பாதிப் பேரு அட்மிரலு ஆயிப்போனாங்க. இப்ப லவுஞ்சுக்கு முன்னால வரிசை நிக்குது. வரிசைக்குப் பயந்து உள்ளார போக வாங்குன கார்டை வெச்சுக்கிட்டு, உள்ளார போறதுக்கே வரிசை! 2022ல டெல்டா கம்பெனிக்காரன் ஒரு சட்டம் போட்டான்: பிளேனு ஏர்றதுக்கு 3 மணி நேரத்துக்கு முன்னால வந்து குந்தப்படாதுன்னு. அப்பிடியும் கூட்டம் அடங்கலை. 2024ல நியூயார்க்கு ஜேஎஃப்கே ஏர்ப்போர்ட்டுல, எச்சாக் காசு குடுத்துப் பெரிய சீட்டு வாங்குனவங்களுக்குன்னு தனியா இன்னொரு லவுஞ்சைக் கட்டிப்போட்டான். சனத்துக்கிட்ட இருந்து தப்பிக்க ஒரு ரூமு. அந்த ரூமுல இருக்கற சனத்துக்கிட்ட இருந்து தப்பிக்க இன்னொரு ரூமு. நாளைக்கு அதுக்குள்ளயும் ஒரு கதவு வைப்பான். பாத்துக்கிட்டே இரு.

உன்ற சீட்டுக்கு வர்றேன்.

இந்தச் சீட்டு ஏலத்துக்கு எப்பிடி வருது? யுனைடெட்டு பேருல ஒரு பேங்கு கார்டு குடுக்குது. வருசத்துக்கு ரண்டு சீட்டு ஓசி. கார்டு வாங்குனவன் வருசம் பூராவும் ஊரை உட்டு நகரலை. சீட்டு டிராயர்ல கெடக்குது. காலாவதித் தேதி நெருங்குது. சும்மா போறதுக்குப் பத்துப் பதினஞ்சு டாலர் வந்தா நல்லதுதானேன்னு ஏலத்துல போடறான். இது நல்லவன் கதை. அவனுமே ஒண்ணைப் படிச்சிருக்க மாட்டான். பொடி எழுத்துல போட்டிருக்கும்: இதை விக்கப்படாது, பண்டமாத்துப் பண்ணப்படாது, பண்ணுனா செல்லாது. 

வெளங்குச்சா? அசல் சீட்டாவே இருந்தாலும், காசு வாங்கி வித்த அன்னைக்கே அது செத்துப்போச்சு. உன்ற கைக்கு வந்தது அசலா போலியான்னு நீ வெசனப்படறே. வெசனப்படாதே ராசா. அசலா இருந்தாலும் அது செல்லாதுதான்.

கெட்டவன் கதை இன்னும் சுளுவு. காயிதச் சீட்டுல என்ன இருக்குது? ஒரு படம், ஒரு நம்பரு, கோடு கோடாப் போட்ட பார்கோடு. நல்ல கலர் பிரிண்டரும் தடிச்ச காயிதமும் இருந்தாப் போதும். ஒரு அசலை வெச்சுப் பத்து நகல் அடி. பத்து ஊருக்குத் தாட்டி உடு. மொதல்ல போறவனுக்கு மெசினு கதவைத் தொறக்கும். மிச்ச ஒம்பது பேருக்கு "ஏற்கெனவே வந்துட்டுப் போயாச்சு"ன்னு சொல்லும். அந்த மொத ஆளு சும்மா இருப்பானா? உள்ளார குந்திக் கேரட்டைக் கடிச்சுக்கிட்டே, "தங்கமான யாவாரி, சொன்னாப்புல அனுப்புனாரு, நம்பி வாங்கலாம்"னு எழுதிப்போடுவான். அதைப் படிச்சுப்போட்டுத்தான் நீ வாங்கியிருப்பே. காயிதம் வேண்டாம்னு போனுக்குள்ள சீட்டைக் கொண்டுவந்தாங்க. திருடன் என்ன, வேற பொழைப்புப் பாக்கப் போயிட்டானா? ஸ்கிரீன்சாட்டு எடுத்து வித்துக்கிட்டிருக்கறான். தபால் செலவு மிச்சம்.

ஏலம்னா என்னன்னு எனக்கா சொல்லித் தர்றே? ஈரோட்டு மஞ்சச் சந்தையில நின்னு தலை நரைச்சவன் நான்.

அங்க எப்பிடின்னு சொல்றேன் கேளு. மூட்டையில இருந்து சாம்பிள் எடுத்து வெளிய வெச்சிருவோம். விரலி தனி, கெழங்கு தனி. யாவாரி ஒவ்வொருத்தரா வருவாங்க. ஒரு விரலியை எடுத்து ஒடிப்பாங்க. டக்குனு சத்தம் வரோணும். மழுங்கலா ஒடிஞ்சா காச்சல் பத்தலைன்னு அர்த்தம். ஒடிச்ச எடத்துல நெறம் பாப்பாங்க. மோந்து பாப்பாங்க. கையை உட்டு அடியில இருக்கறதைக் கிளறி எடுத்துப் பாப்பாங்க, மேலாப்புல நல்லதைப் பரப்பி அடியில சொத்தையைப் போடற ஆளுகளும் உண்டில்ல? அத்தனையும் பாத்துப்போட்டு, ஒரு துண்டுச் சீட்டுல வெலையை எழுதிப் பொட்டியில போடுவாங்க. ஒருத்தன் எழுதுன வெலை இன்னொருத்தனுக்குத் தெரியாது. பொறவு பிரிச்சுப் பாத்து, எச்சா எழுதுனவனுக்குக் குடுக்கறது. எனக்கு அந்த வெலை புடிக்கலைன்னா, "போங்க சாமி"ன்னு மூட்டையைத் திருப்பிக்குவேன். 2019ல ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடுன்னு கெவருமென்டு முத்திரையே குடுத்துச்சு. அப்பிடியிருந்தும் எந்த யாவாரியும் முத்திரையைப் பாத்து வெலை எழுதறதில்லை. ஒடிச்சுப் பாத்துத்தான் எழுதறான்.

உன்ற ஏலத்துல எதைய ஒடிச்சுப் பாத்தே? போட்டோவை. அதுவும் நம்பரு தெரியக்கூடாதுன்னு பாதியை மறைச்சு எடுத்த போட்டோ. பொருளைப் பாக்காம, வெலை ஏர்றதை மட்டும் பாத்தே. அதுதான் அந்தக் கடையோட சூச்சுமம். மஞ்சச் சந்தையில பொருள் தெரியும், அடுத்தவன் வெலை தெரியாது. உன்ற சந்தையில அடுத்தவன் வெலை தெரியும், பொருள் தெரியாது. எவனோ 17ன்னு போட்டான், உனக்குப் பொச்சரிப்பு, நீ 18ன்னு போட்டே. அந்த எவனோ யாரு? விக்கறவன்ற மச்சானா இருந்தா? ஆளை வெச்சு வெலையை ஏத்தி உடறது தப்புன்னு ஏலக்கடைக்காரன் சட்டம் போட்டுத்தான் வெச்சிருக்கறான். சட்டம் போட வேண்டியிருந்துச்சுன்னாலே, நடக்குதுன்னுதானே அர்த்தம்?

இந்தச் சூச்சுமத்தை 1970ல ஒரு அமெரிக்க வாத்தியாரு எழுதி வெச்சாரு. ஜார்ஜ் அக்கர்லாஃப்னு பேரு. பழைய காரு விக்கற சந்தையை உதாரணத்துக்கு எடுத்துக்கிட்டாரு. வாங்கறவனுக்கு எது நல்ல காரு எது நொள்ளைக் காருன்னு தெரியாது. தெரியாததுனால நடுவாந்தரமா ஒரு வெலைதான் குடுப்பான். அந்த வெலைக்கு நல்ல காரு வெச்சிருக்கறவன் குடுக்க மாட்டான், ஊட்டுக்கே ஓட்டிக்கிட்டுப் போயிருவான். நொள்ளை வெச்சிருக்கறவன் சந்தோசமாக் குடுப்பான். போகப் போகச் சந்தையில நொள்ளை மட்டுந்தான் நிக்கும். இதை அச்சுப் போடச் சொல்லி அனுப்புனா, "இதெல்லாம் ஒரு சமாச்சாரமா"ன்னு பத்திரிகைக்காரங்க திருப்பித் திருப்பி அனுப்புனாங்களாம். 2001ல அதே வேலைக்கு நோபல் பரிசு குடுத்தாங்க. நல்ல மனுசன். எங்க சந்தைக்கு ஒருக்கா வந்திருந்தா, எழுதாமயே வெளங்கியிருக்கும். பரிசுதான் கெடைச்சிருக்காது.

அவரு சொன்னதை உன்ற சீட்டுக்கு வெச்சுப் பாரு. 59 டாலர் சீட்டு. 18 டாலருக்கு அதைய எவன் சந்தோசமாக் குடுப்பான்? காசு குடுத்து வாங்காதவனும் குடுப்பான், காயிதத்துக்கு மட்டும் காசு போட்டவனும் குடுப்பான். ஒருத்தன்ற சீட்டு கார்டோட வந்த ஓசி, இன்னொருத்தன்ற சீட்டு பிரிண்டர்ல வந்த ஓசி. ரண்டு பேரும் ஒரே வெலை சொல்லுவாங்க. போட்டோவும் ஒண்ணாட்டத்தான் இருக்கும். நீ எப்பிடிப் பிரிப்பே?

ஈபேன்னு அந்த ஏலக்கடையைத் தொறந்தாரே பியர் ஒமிட்யாரு, அவரு 1995ல மொதமொதல்ல வித்தது என்ன தெரியுமா? ஒரு ஒடைஞ்ச லேசர் லைட்டு. சுவத்துல செவப்புப் புள்ளி அடிக்கற குச்சி. 14.83 டாலருக்குப் போச்சு. வாங்குனவரைக் கூப்பிட்டு, "அது ஒடைஞ்சதுங்க, தெரியுமில்ல?"ன்னு கேட்டிருக்கறாரு. அந்த ஆளு, "தெரியும், ஒடைஞ்சதுகளைத்தான் நான் சேத்து வெக்கறேன்"னானாம். அந்தக் கடையில நடந்த மொத யாவாரத்துல ஒடைஞ்சதை ஒடைஞ்சதுன்னு சொல்லி வித்தாங்க. வாங்குனவனும் தெரிஞ்சு வாங்குனான். அதுக்கப்பறம் வந்தவன்தான் ஒடைஞ்சதைப் பாலீசு போட்டு விக்கப் பழகிக்கிட்டான்.

"ஏமாத்துனா கடைக்காரன் பணத்தைத் திருப்பிக் குடுப்பான் அப்பாரு"ங்கறே. குடுப்பான். ஆனா பொருள் கைக்கு வந்து 30 நாளைக்குள்ள கேக்கோணும். விக்கறவனைப் பத்தி நல்லது கெட்டது எழுதறதுக்கு 60 நாள். இப்ப நீ எப்ப ஊருக்குப் போறே? நோம்பிக்கு. நோம்பிக்கு எத்தனை மாசம் இருக்குது? நீ ஏர்ப்போர்ட்டுக் கதவுகிட்டப் போயி நிக்கும்போதுதானே சீட்டு பொய்யின்னு தெரியும்? அதுக்குள்ள 30ம் முடிஞ்சிருக்கும், 60ம் முடிஞ்சிருக்கும். செருப்பு வாங்கியிருந்தா வந்த அன்னைக்கே போட்டுப் பாத்து, கடிக்குதுன்னு சண்டை போட்டிருப்பே. கால தாமதமா அழுகற பொருளாப் பாத்து விக்கறான் பாரு, அவன்தான் படிச்சவன். "வந்துச்சு, உறையெல்லாம் அழகா இருக்குது"ன்னு நீயும் ரண்டு வரி புகழ்ந்து எழுதியிருப்பே. எழுதுனியா இல்லையா? தலையைக் குனிஞ்சா ஆமாங்கறதுதானே.

இதுல கடைக்காரன் பொறுப்பு எவ்வளவுன்னு பெரிய பெரிய கோர்ட்டே தலையைச் சொறிஞ்சிருக்குது. டிஃபனின்னு நகைக் கம்பெனிக்காரங்க, எங்க பேருல போலி வெள்ளி நகை விக்கறாங்கன்னு ஈபே மேல நியூயார்க்குல கேசு போட்டாங்க. 2008ல ஈபே செயிச்சுது. சொன்னா எடுத்துப்போடறாங்க, அது போதும்னுட்டாங்க. அதே 2008ல பாரீசு கோர்ட்டு லூயி விட்டான் கூட்டத்தாருக்கு ஏறக்கொறைய 4 கோடி யூரோ குடுன்னு அதே ஈபேக்கு உத்தரவு போட்டுது. அப்பீல்ல அது கொறைஞ்சு போச்சு, அது வேற கதை. ஒரே வருசம், ஒரே கடை, ரண்டு தீர்ப்பு. நகைக்கே இந்தக் கதின்னா, உன்ற 18 டாலர் சீட்டுக்கு எந்த கோர்ட்டுப் படி ஏறப்போறே?

ஏலத்துல வாங்கறவன் பாவம், அவன் ஏமாந்தவன். தானாவே வழி பண்ணி லவுஞ்சுக்குள்ள நுழையறவங்க கதை இருக்குது, அதைக் கேட்டா உனக்குச் சிரிப்பு வரும்.

சீனாவுல சியான்னு ஊரு. ஒரு ஆளு ஒசந்த வகுப்பு டிக்கெட்டு ஒண்ணு வாங்குனான். திருப்பிக் குடுத்தா முழுக்காசும் வர்ற டிக்கெட்டு. அதைக் காட்டி லவுஞ்சுக்குள்ள போயி வயிறு முட்டத் தின்னான். தின்னுப்போட்டு, டிக்கெட்டை நாளைக்கு மாத்திக்கிட்டான். மறுபடி போயித் தின்னான். மறுபடி மாத்துனான். ஒரு வருசத்துல 300 தடவைன்னு 2014ல செய்தி வந்துச்சு. கம்பெனிக்காரன் கண்டுபுடிச்சு வந்து கேக்கவும், டிக்கெட்டை ரத்துப் பண்ணி முழுக்காசையும் வாங்கிக்கிட்டுப் போயிட்டான். இது போலியே இல்லை பாரு. சட்டப்படி ஒரு தப்பும் இல்லை. ஆனா தெனமும் ஏர்ப்போர்ட்டுக்குப் போயிப் பாதுகாப்புச் சோதனையில பெல்ட்டைக் கழட்டிச் செருப்பைக் கழட்டிச் சோறு திங்கறதுக்கு, ஊட்டுலயே ஒலை வெச்சிருக்கலாம். அவனுக்கு ருசி சோத்துல இல்லை.

சிங்கப்பூருல 2016ல ஒரு ஆளு சாங்கி ஏர்ப்போர்ட்டுக்குள்ளயே 18 நாள் இருந்தான். ஊருக்குப் போற பிளேனைத் தவற உட்டவன், இன்டர்நெட்டுல கெடைச்ச போர்டிங் பாஸு படங்களை எடுத்துத் திருத்தி, பொய்ச் சீட்டு உண்டாக்கி, ஒவ்வொரு லவுஞ்சாப் போயித் தின்னுட்டுக் குந்தியிருந்தான். ஒருநாள் ஒரு லவுஞ்சுல சந்தேகப்பட்டுப் போலீசைக் கூப்பிட்டாங்க. ரண்டு வாரம் ஜெயில். அங்கயும் சாப்பாடு ஓசிதான், ஆனா போட்டோ எடுத்துப் போட முடியாது.

எனக்குப் புடிச்சது போலந்துக்காரன் கதை. கம்ப்யூட்டர்ல திருட்டைத் தடுக்கற வேலையில இருக்கற பெரிய படிப்பாளி. அடிக்கடி பிளேன்ல போறதுனால கோல்டு கார்டெல்லாம் வெச்சிருந்தான், லவுஞ்சுக்குப் போக முழு ரைட்டு உண்டு. ஒருநாள் வார்சாவுல கதவுகிட்டப் போனா மெசினு அவன்ற நல்ல சீட்டைத் தள்ளிப்போட்டுது. உனக்கும் எனக்கும்னா கோவம் வரும். அவனுக்கு யோசனை வந்துச்சு. இந்த மெசினு எதைப் பாத்து உடுதுன்னு நோண்டுனான். பாத்தா, சதுரக் கட்டத்துல பேரு, பிளேன் நம்பரு, வகுப்பு எழுதியிருக்குது. மெசினு அதைப் படிச்சு, சரியா எழுதியிருக்குதான்னு மட்டும் பாக்குது. அந்த ஆளு நெசமாலுமே டிக்கெட்டு வாங்குனவனான்னு கம்பெனிக் கணக்குல தேடறதில்லை. அவன் போன்லயே ஒரு சின்ன ஆப்பு எழுதி, எந்தப் பேரு வேணாலும் போட்டுச் சதுரம் வரைய வெச்சு, இஸ்தான்புல்லுல லவுஞ்சுக்குள்ள போயிக் காட்டுனான். 2016ல லாஸ் வேகாசுல டெஃப் கான்னு ஒரு கூட்டத்துல மேடையேறி இதைச் சொல்லி, எல்லாரையும் சிரிக்க வெச்சான். நெசச் சீட்டைத் தள்ளற மெசினு பொய்ச் சீட்டை உடுது. இந்த மெசினை நம்பித்தான் கதவு. இந்தக் கதவை நம்பித்தான் மரியாதை. இந்த மரியாதைக்குத்தான் நீ 18 டாலர் அழுதிருக்கறே.

"அதெல்லாம் வெளிநாடு, நம்மூர்ல அப்பிடியில்லை"ங்கறியா? நம்மூர்லதான் 2 ரூபா கூத்தே நடக்குது. சில கார்டைத் தேச்சா 2 ரூபாதான் புடிப்பாங்க, உள்ளார இட்லி, வடை, பொங்கல்னு முச்சூடும் திங்கலாம். ஓட்டல்ல 2 ரூபாய்க்குச் சாப்பாடுன்னா "என்னமோ கோளாறு"ன்னு யோசிக்கற சனம், ஏர்ப்போர்ட்டுல யோசிக்கறதில்லை. அந்தக் காசை வருசக் கட்டணத்துல பேங்குக்காரன் எடுத்திருப்பான்னு நெனைக்கறதும் இல்லை.

பெங்களூருல 2024ல நடந்ததைக் கேளு. ஒரு பொண்ணு ஏர்ப்போர்ட்டுக்குப் போச்சு. கார்டைக் கையில எடுத்துட்டு வரலை. லவுஞ்சு ஆளுங்கன்னு சொல்லிக்கிட்டவங்க வாட்சாப்புல ஒரு லிங்கு அனுப்பி, 'லவுஞ்சு பாஸ்'னு ஒரு ஆப்பைப் போட வெச்சாங்க. போட்டுது. மூஞ்சியைக் காட்டச் சொன்னாங்க, காட்டுச்சு. அந்த ஆப்பு என்ன பண்ணுச்சுன்னா, போனுக்கு வர்ற மெசேஜையெல்லாம் திருடனுக்கு அனுப்புச்சு. பேங்குல இருந்து வர்ற ஓடிபி அங்க போகுது, இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. 87,000 ரூபா போச்சு. கிளவுட்செக்குன்னு ஒரு கம்ப்யூட்டர்க் கம்பெனி நோண்டிப் பாத்துச்சு. சூலை ஆகஸ்டுல மட்டும் சுமார் 450 பேரு அந்த ஆப்பைப் போட்டு, 9 லட்சத்துக்கு மேல போயிருக்குதுன்னு சொன்னாங்க. அந்தப் பொண்ணை நான் குத்தம் சொல்ல மாட்டேன். களைச்சுப்போயி நிக்கறப்போ எவனாவது "இந்தா சேரு"ன்னா யாருக்குத்தான் ஆசை வராது? குந்தறதுக்கு எடம் கேட்டவகிட்ட ஊட்டையே பறிக்கற பயலுகளைத்தான் சொல்லோணும்.

உன்ற கதை வேற. நீ களைச்சுப்போயி வாங்கலை. ஊட்டுல, ஏசி போட்ட ரூமுல, பொழுதோட சோத்தைத் தின்னுப்போட்டுக் கட்டல்ல படுத்துக்கிட்டு வாங்குனே. எதுக்குன்னு சொல்லட்டுமா? கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால பிளேனு நிக்கும். முன்னால மேசையில காப்பிக் கோப்பை. பக்கத்துல உன்ற சப்பாத்துக் காலு. ஒரு போட்டோ. கூடப் படிச்ச பயலுக பாத்துப் பொசுங்கோணும். அதுக்குத்தானே? வெக்கப்படாதே, நானும் எளவட்டமா இருந்தவந்தான். கைக்கடிகாரம் ஓடாட்டியும் கட்டிக்கிட்டுத் திரிஞ்ச காலம் எங்களுக்கும் இருந்துச்சு.

ஆனா அந்தக் கதவுகிட்ட என்ன நடக்கும்னு சித்தெ நெனைச்சுப் பாரு. அங்க ஒரு அம்மிணி நிக்கும். சிரிச்ச மூஞ்சி. உன்ற சீட்டை வாங்கி மெசின்ல வைக்கும். மெசினு முக்கும். மறுபடியும் வைக்கும். மறுபடியும் முக்கும். "இதை எங்க வாங்குனீங்க?"ன்னு மெதுவாக் கேக்கும். இப்ப என்ன சொல்லுவே? "ஏலத்துல"ன்னு சொன்னா செல்லாது. "பேங்குல குடுத்தாங்க"ன்னு சொன்னா எந்தப் பேங்குன்னு கேக்கும். உனக்குப் பின்னால வரிசை. வரிசையில மொத ஆளு நம்மூரு ஆளா இருப்பான், அது எப்பவும் அப்பிடித்தான் வந்து அமையும். கொங்கு நாட்டுக் காது எதையும் தவற உடாது. நீ ஊருக்குப் போயி எறங்கறதுக்குள்ள சேதி எறங்கியிருக்கும்.

குந்தோணும்னு நெசமாலுமே ஆசை இருந்தா, 59 டாலரை நேராக் கட்டிப்போட்டுப் போயி நல்லாக் குந்து. சூப்பு ரண்டு கோப்பை குடி. யாரும் வேண்டாங்கலை. காசு தண்டம்னு தோணுச்சுன்னா, கேட்டுக்கிட்ட இருக்கற சேர்ல காலை நீட்டு. பையில இட்லி கொண்டு போ, அமெரிக்காவுல சோதனைக்காரங்க இட்லியைத் தடுக்க மாட்டாங்க. சட்டினி மட்டும் வேண்டாம். அது தண்ணிக் கணக்குல வரும், 100 மில்லிக்கு மேல இருந்தா குப்பைத்தொட்டியில கொட்டிப்போடுவாங்க. மொளகாய்ப் பொடி தேச்சு எடுத்துக்கோ. காலிப் போத்தல் ஒண்ணைக் கொண்டு போயி உள்ளார கொழாயில புடிச்சுக்கோ.

அந்தச் சீட்டை எடு. அந்த உறையையும் எடு, கண்ணாடியைக் கொண்டா. தபால் முத்திரையில தேதி என்ன போட்டிருக்குது? ம். ஊட்டுக்கு என்னைக்கு வந்துச்சு? போன மாசம் 9ஆந் தேதியா? நல்லா நெனைவிருக்குதா? சரி, இன்னைக்கு என்ன தேதி? அட கெரகமே, விரலை உட்டு எண்ணிப் பாரு. நாளையோட 30 முடியுதுடா மசையா! அந்தக் கடைக்காரனுக்கு "காசைத் திருப்பிக் குடு"ன்னு எழுதறதை உட்டுப்போட்டு, இங்க குந்தி என்ற மூஞ்சியை என்ன பாத்துக்கிட்டிருக்கறே? ஏந்திரி, வெசையா ஏந்திரி.